கண்ணுக்குத் தெரியிற பக்கம்

பிப்ரவரி 3

தம்பி,

ஃபோன்ல பேசினா நலம் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் சண்டையில வந்து நிக்கிறோம். போன தடவை நான்தான் முதல்ல வெச்சேன். அதுக்கு முந்தின தடவை நீ. அதனாலதான் ஈமெயில் எழுதுறேன். உன் ஃபோனே இதையெல்லாம் வாசிச்சுக் காட்டும்னு உன் பொண்டாட்டி சொன்னா. நடுவுல நீ கத்தினாலும் அது நிக்காது, எனக்கும் கேக்காது. ரெண்டு பேருக்கும் நல்லது.

வெப்சைட் கட்டுற வேலை ஒண்ணு கிடைச்சிருக்கு. "ஏற்கெனவே வேலை கிடைச்சுத்தானே போனே?"ன்னு கேப்பே. அந்த வேலை போய் ரொம்ப நாளாச்சு. நான் வந்து சேர்ந்த கொஞ்ச நாள்லயே அந்த கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. உன்கிட்ட சொல்லலை. சொன்னா, "இதுக்குத்தான் அவ்வளவு அவசரமா கிளம்பினியா"ன்னு ஒரு வார்த்தை வரும். அதைக் கேக்கிற தெம்பு அப்போ இல்லை.

நடுவுல எத்தனை இன்டர்வியூ போனேன்னு எனக்கே நினைவில்லை. எல்லா இடத்துலயும் ஒரே கேள்வி. "எங்கே படிச்சீங்க?" "நானா வீட்ல படிச்சேன்." "அது சரி, எந்தக் காலேஜ்?" ஒரு இடத்துல சலிச்சுப் போய், "எங்க வீட்டு சாப்பாட்டு மேசை"ன்னு சொல்லிட்டேன். அந்த ஆள் சிரிக்கவே இல்லை. அதை அப்படியே எழுதிக்கிட்டான்.

இப்போ சேர்ந்திருக்கிறது சின்ன ஆபீஸ். கீழே டயர் கடை, மேலே நாங்க. நாள் முழுக்க ரப்பர் வாசனை, தரையில டங் டங்னு சத்தம். முதலாளியைத் தவிர மத்த எல்லாரும் என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவங்க. மரியாதையா அக்கான்னு கூப்பிடுறாங்க. ஏதாவது புதுசா வந்தா மட்டும், "அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?"ன்னு ஒரு மாதிரி கேக்கிறாங்க. தெரியாதுன்னா அன்னைக்கு வீட்டுக்கு வந்து படிக்கணும். மருந்துக் கடையில நின்ன காலத்துல மாத்திரை பேரு மாறும், மருந்து மாறாது. இங்கே எல்லாமே மாறிக்கிட்டே இருக்கு. போன வருஷம் கத்துக்கிட்டதைச் சொன்னா, "ஓ, பழைய முறையா?"ன்னு கேக்கிறாங்க.

ஒரு விஷயம் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்குக் கொடுத்திருக்கிற முதல் வேலை எது தெரியுமா? நீ போற கண் ஆஸ்பத்திரியோட வெப்சைட். எல்லா ஊர்லயும் கிளை இருக்கே, அதேதான். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குற பக்கத்தை நான் கட்டுறேன். ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவாங்க.

நீ எப்படி இருக்கே? இதை நிஜமாத்தான் கேக்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 9

அக்கா,

இதை நான் ஃபோன்கிட்ட சொல்றேன், அது எழுதிக்குது. தப்பா எழுதினா என்னைத் திட்டாதே. நேத்து முதலாளிக்கு "வேன் பழுது"ன்னு அனுப்பச் சொன்னேன், "நான் பழுது"ன்னு அனுப்பிடுச்சு. அவரும் பதறிப் போய் வீட்டுக்கே வந்துட்டாரு.

உன் கடிதத்தை அந்தம்மா வாசிச்சா. ஃபோன்ல இருக்கிற குரலுக்கு நாங்க அந்தம்மான்னு பேரு வெச்சிருக்கோம். வேலை போச்சுன்னு நீ எழுதினதையும், டயர் கடைன்னு எழுதினதையும் ஒரே தொனியில வாசிச்சிட்டுப் போயிட்டா. எனக்குத்தான் மறுபடியும் போட்டுக் கேக்க வேண்டியதாப் போச்சு. வேலை போனதை நீ சொல்லியிருக்கணும். நான் என்ன சொல்லியிருப்பேன்னு நீயே முடிவு பண்ணிக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கு?

எப்படி இருக்கேன்னு கேட்டே. பார்வைக்கு நடுவுல மட்டும் கொஞ்சூண்டு தெரிஞ்சுக்கிட்டு இருந்தது, இப்போ அதுவும் புகை மாதிரி ஆயிடுச்சு. வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியும். ஆள் நிக்கிறது தெரியும், யாருன்னு தெரியாது. பள்ளி வேன் முதலாளி நல்லவர். வேன் ஓட்ட முடியாதுன்னு நானே போய் சொன்ன பிறகும் வெளியே அனுப்பலை. ஆபீஸ்ல ஃபோன் எடுக்கிற வேலை. "வேன் ஏன் இன்னும் வரலை?"ன்னு காலையில எல்லா அம்மாக்களும் என்னைத்தான் திட்டுவாங்க. ஓட்டினப்ப நான் ஒரு நாளும் லேட்டா போனதில்லை. இப்போ அடுத்தவன் லேட்டுக்கு நான் திட்டு வாங்குறேன்.

உன் தம்பி பொண்டாட்டிக்கு பேக்கரியில காலை ஷிஃப்ட். என்னை ஆபீஸ் வாசல்ல விட்டுட்டு ஓடுறா. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறா. அவ முகத்துல அசதி எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. நடையில தெரியும்.

நான் வேன் சாவியைக் கொடுத்த அதே வாரம் நீ பெட்டியைக் கட்டினே. அதை இன்னும் என்னால விழுங்க முடியலை. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னது நினைவிருக்கும். "கண்ணு தெரியிறவங்க பார்த்து ரசிக்கிறதுக்கு ஏதோ செய்யத்தான் என்னை விட்டுட்டுப் போறே"ன்னேன். நீ பதில் சொல்லாம பஸ்ல ஏறிட்டே.

ஆஸ்பத்திரி வெப்சைட் விஷயம் நல்ல விஷயம்தான். அவகிட்ட சொன்னேன், "அண்ணியா செய்றாங்க?"ன்னு சந்தோஷப்பட்டா. நானும்தான். அதுக்காக கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதே.

தம்பி

மார்ச் 1

தம்பி,

பஸ் ஸ்டாண்டுல பதில் சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுதா போயிருக்க மாட்டேன். போகலைன்னா இன்னைக்கு வரைக்கும் மருந்துக் கடையில சீட்டைப் படிச்சுக்கிட்டு, சாயங்காலம் உன் வீட்டு மேசையில உக்காந்து, "எனக்கு இதெல்லாம் தெரியும்"னு யார்கிட்டயும் சொல்ல முடியாம இருந்திருப்பேன். உன்னை விட்டுட்டுப் போகலைடா. அந்த மேசையை விட்டுட்டுப் போனேன். நீ அந்த மேசைக்குப் பக்கத்துல இருந்தே, அதுதான் கொடுமை.

நான் செய்ற வேலைக்கு ஃப்ரண்ட்-எண்ட்னு பேரு. உனக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தேனே, வெப்சைட்ல கண்ணுக்குத் தெரியிற பக்கம். பின்னாடி கணக்கு வழக்கு, சேமிக்கிறது எல்லாம் வேற ஆளுங்க. டிசைனர் படமா வரைஞ்சு கொடுப்பான், அதை நான் உயிரோட நடமாட வைக்கணும். ஆஸ்பத்திரிக்கு அவன் வரைஞ்ச காலண்டர் அவ்வளவு அழகு. தேதியைத் தொட்டா பூ விரியிற மாதிரி விரியும். அதை வரவழைக்க ரெண்டு வாரம் மாரடிச்சேன். முதுகு இன்னும் வலிக்குது. முடிச்சுக் காட்டினப்ப முதலாளி மொத்த ஆபீஸையும் கூப்பிட்டுப் பார்க்க வெச்சாரு. இத்தனை வருஷத்துல நான் செஞ்சதை நாலு பேர் சேர்ந்து நின்னு பார்த்தது அதுதான் முதல் தடவை.

நேத்து அதை வெளியிட்டாச்சு. உனக்கு அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கணும்னா அதுலயே நேரம் வாங்கிக்கோ. காலையில போய் வரிசையில நிக்க வேண்டாம். யாரையும் எதிர்பார்க்கவும் வேண்டாம்.

அவளைக் கேட்டதா சொல்லு. அசதியா இருந்தா ஒரு நாள் லீவு போடச் சொல்லு. என் பேச்சைக் கேக்க மாட்டா, தெரியும்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

மூணு தடவை சொல்லி மூணு தடவை அழிச்சேன். இது நாலாவது.

உன்கிட்ட ஒண்ணு சொல்லாம வெச்சிருந்தேன். அந்த ஆஸ்பத்திரியில ஒரு வகுப்பு நடத்துறாங்க. பார்வை போனவங்களுக்கு கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கக் கத்துக் கொடுக்கிறது. முடிச்சா வேலைக்கும் அவங்களே அனுப்புறாங்களாம். கொஞ்சம் பேரைத்தான் எடுப்பாங்க. அதுக்கு முதல்ல ஒரு டாக்டரைப் பார்க்கணும், அந்த நேரத்தை வெப்சைட்லதான் வாங்கணும். சேர்ந்த பிறகு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். நீ மட்டும்தான் வீட்ல உக்காந்து கத்துக்கிட்டு மேல வரணுமா?

பதிவு ஆரம்பிச்ச அன்னைக்கே உக்காந்தேன். பொண்டாட்டியைக் கூப்பிடலை. "யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்"னு நீதானே எழுதினே? அந்தம்மா பேரைக் கேட்டா, சொன்னேன். ஃபோன் நம்பர் கேட்டா, கொடுத்தேன். அப்புறம் தேதி. "பன்னிரண்டு"ன்னா. "பதிமூன்று"ன்னா. எந்த மாசம், காலியா இருக்கா, தொடலாமா, ஒண்ணும் சொல்லலை. பன்னிரண்டைத் தொட்டேன். சத்தமே இல்லை. கீழே போனா "பட்டன்"னு மட்டும் சொன்னா. என்ன பட்டன்னு சொல்லலை. அழுத்தினேன். அமைதி. முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன்.

பன்னிரண்டாம் தேதி அவ லீவு போட்டா. அந்த லீவுக்காக மேற்பார்வையாளர்கிட்ட என்ன பாட்டு வாங்கினாளோ. நல்ல சட்டையா எடுத்துக் கொடுத்தா. ஆஸ்பத்திரி வரிசையில பக்கத்துல ஒரு ரிடையர்டு டீச்சரம்மா, அவங்களுக்கும் பார்வை இல்லை. பேச்சுக் கொடுத்தாங்க. "இந்த வெப்சைட்டை எங்க அக்காதான் செஞ்சது"ன்னு சொன்னேன். பெருமையா சொன்னேன். சத்தமாவும் சொல்லிட்டேன் போல, சுத்தி இருந்தவங்க எல்லாம் திரும்பினாங்கன்னு அவ அப்புறம் சொன்னா.

கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட என் பேரு இல்லை. "வெப்சைட்ல போட்டீங்களா?" "போட்டேன்." "வரலையே. தேதி எடுக்கலைன்னா பக்கத்துலயே சிவப்பு எழுத்துல வந்திருக்குமே, பார்க்கலையா?"

பார்க்கலையான்னு கேட்டா, அக்கா. கண் ஆஸ்பத்திரியில.

இடம் எல்லாம் முடிஞ்சு போச்சாம். அடுத்த வகுப்பு அடுத்த வருஷமாம். டீச்சரம்மா பேரும் இல்லை. அவங்களாவது வாய்விட்டுத் திட்டினாங்க. நான் என்னன்னு திட்டுவேன், யாரைத் திட்டுவேன்? எங்க அக்காதான் செஞ்சதுன்னு அப்பத்தானே சொல்லி முடிச்சிருந்தேன்.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவ ஒரு வார்த்தை பேசலை.

தம்பி

மார்ச் 18

தம்பி,

உன் கடிதத்தை நேத்தே ஆபீஸ்ல படிச்சேன். பாத்ரூம்ல போய் நின்னுட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஃபோன்ல அந்தக் குரலைப் போட்டுவிட்டு, துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கிட்டு நேரம் வாங்கப் பார்த்தேன். நானே கட்டின பக்கம். எந்த இடத்துல எது இருக்குன்னு எனக்கு மனப்பாடம். என்னாலயே முடியலை.

எனக்குத் தெரியாதுடா. சாக்கு சொல்லலை, உள்ளதைச் சொல்றேன். வீடியோ பார்த்துப் பார்த்து, அடுத்தவன் எழுதின கம்ப்யூட்டர் கோடைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் கத்துக்கிட்டேன். யார் எனக்குப் பாடத்திட்டம் போட்டாங்க? கண்ணுல படாதது எதுவும் பாடத்துல வரலை. சேர்ந்த இடத்துலயும் அழகா இருக்கா, வேகமா இருக்கான்னுதான் கேட்டாங்க. காலேஜ்ல படிச்சவங்களுக்கும் தெரியலைங்கிறது எனக்கு ஆறுதலா இல்லை. அவங்க தம்பி யாரும் அந்த வரிசையில நிக்கலை.

முதலாளிகிட்ட இன்னைக்கே சொன்னேன். "வாடிக்கையாளர் பார்த்து சரின்னு சொல்லி கையெழுத்துப் போட்டாச்சு. இப்போ அடுத்த வேலை வரிசையில நிக்குது. இதுக்கு யார் நேரம் கொடுப்பாங்க?"ன்னாரு. தப்பா பேசலை. டீ வாங்கிக் கொடுத்துதான் பேசினாரு.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணி உனக்கு ஒரு இடம் கேக்கட்டுமா? தப்பு எங்க பக்கம்னு சொல்றேன்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

கேக்காதே. கெஞ்சி வாங்கின இடத்துல போய் என்னால உக்கார முடியாது. டீச்சரம்மாவுக்கு எந்த அக்கா ஃபோன் பண்ணுவா?

அவங்க நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். தினமும் பேசுறோம். சரியான கோபக்காரி. முப்பது வருஷம் கணக்கு எடுத்தவங்க, திட்டுறதுலயும் வரிசை தப்பாது. அன்னைக்கு என்னாச்சுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து மறுபடியும் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தோம். என்ன நடக்குதுன்னு சொல்றேன், கேட்டுக்கோ.

தேதியைச் சொல்றப்ப மாசத்தையும் கிழமையையும் சேர்த்துச் சொல்லணும். காலியா இல்லையான்னு சொல்லணும். தொட்டா, தொட்டாச்சுன்னு சொல்லணும். பட்டன்னா என்ன பட்டன்னு பேரு இருக்கணும். தப்பு நடந்தா சிவப்பா காட்டினா போதாது, வாயைத் திறந்து சொல்லணும். முடிஞ்சா முடிஞ்சுதுன்னு சொல்லணும். இதுல எதாலயும் அழகு குறையாது. பூ விரியட்டும், யார் வேண்டாங்கிறா? விரிஞ்சுதுன்னு எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

உனக்குத் தெரியாதுங்கிறதை நான் நம்புறேன். தெரிஞ்சிருந்தா செய்யாம இருக்க மாட்டே. ஆனா நம்புறதுக்கும் மனசு ஆறுறதுக்கும் நடுவுல தூரம் இருக்கு. நான் இன்னும் வந்து சேரலை.

அவ பழையபடி பேச ஆரம்பிச்சுட்டா. அதுவே போதும் இப்போதைக்கு.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

நீயும் டீச்சரம்மாவும் சொன்னதை வெச்சுக்கிட்டு, விடுமுறை நாள்ல உக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்ணினேன். கஷ்டமான வேலையே இல்லை, அதுதான் வயித்தெரிச்சல். பூ விரிய வைக்க ரெண்டு வாரம் ஆச்சு. இதுக்கு அதுல பாதிகூட ஆகலை. முதலாளிகிட்ட எடுத்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா அவங்க கேக்காததை வெப்சைட்ல ஏத்தினா, ஏதாவது உடைஞ்சா யார் பொறுப்பு? அப்புறம் பார்க்கலாம்"னாரு. தினமும் கேட்டேன். தினமும் அப்புறம் பார்க்கலாம்.

போன வாரம் ஆஸ்பத்திரியில இருந்து நிர்வாகியம்மாவும் கூட ரெண்டு பேரும் அடுத்த வேலையைப் பத்திப் பேச ஆபீஸுக்கு வந்தாங்க. முதலாளி பெரிய திரையில காலண்டரைக் காட்டினாரு. நிர்வாகியம்மாவுக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது. "வேற ஏதாவது சொல்லணுமா?"ன்னு பொதுவா கேட்டாங்க. யாரும் வாய் திறக்காத கேள்விடா அது. நான் திறந்துட்டேன்.

என் ஃபோனை மேசையில வெச்சு, குரலைப் போட்டுவிட்டு, அவங்க முன்னாடியே பக்கத்தைத் திறந்தேன். "பன்னிரண்டு. பதிமூன்று. பதினான்கு. பட்டன்." கீழே டயர் கடையில அடிக்கிற சத்தமும் இந்தக் குரலும்தான். டிசைனர் தம்பி நகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தான். நிர்வாகியம்மா மெதுவா கேட்டாங்க.

"எங்க நோயாளிங்களுக்கு இப்படியா கேக்குது?"

"ஆமாம்மா. பார்வை இல்லாதவங்களுக்கு இப்படித்தான்."

முதலாளி குறுக்கே வந்து, "அடுத்த கட்டத்துல இதை எடுத்துக்கிறோம்"னாரு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்த வரலை. "சரி பண்ணியே வெச்சிருக்கேம்மா. ஏத்துறதுக்குத்தான் அனுமதி கிடைக்கலை"ன்னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு மதியமே ஏத்தியாச்சு. இடம் நிறைஞ்சு போச்சுன்னா காத்திருப்போர் வரிசையில பேரைப் போட ஒரு வசதியும் வேணும்னு நிர்வாகியம்மா கேட்டாங்க, அதையும் சேர்த்தேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டாரு. "வேலை சுத்தமா செய்றீங்க. அதுல குறை இல்லை. ஆனா வெளியாள் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுட்டீங்க. நாளைக்கு உங்களை நம்பி எந்த மீட்டிங்ல உக்கார வைப்பேன்?" அவர் பக்கத்துலயும் கொஞ்சம் நியாயம் இருந்தது. தனியா ஒரு தடவை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமோன்னு இப்பவும் யோசிக்கிறேன். நிரந்தரம் பண்ணலை. இந்த மாசத்தோட சரி.

வருத்தப்படாதே. எனக்கே இன்னும் வருத்தம் வரலை. தூக்கம்தான் வருது.

அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

முதல்ல ஒண்ணு. இதை எனக்காக செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதே, உன் மனசுக்குள்ளயும் சொல்லிக்காதே. என்னால உன் வேலை போச்சுங்கிற மூட்டையையும் சேர்த்து என்னால சுமக்க முடியாது. ஏற்கெனவே தடுக்கி விழுறேன்.

ரெண்டாவது. பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அவ அடுப்படியில இருந்தா, நான் கூப்பிடலை. அந்தம்மா இப்போ வாயாடியாயிட்டா. மாசம், கிழமை, காலி, காலி இல்லை, எல்லாம் சொல்றா. வேணும்னே தேதி எடுக்காம பட்டனை அழுத்தினேன். "தேதியைத் தேர்ந்தெடுக்கவும்"னு உடனே சொன்னா. சிரிச்சுட்டேன். அவ கரண்டியோட ஓடி வந்து, "என்னாச்சு?"ன்னு கேட்டா. "ஒண்ணும் இல்லை, திட்டு வாங்கினேன்"னேன்.

வகுப்புக்குக் காத்திருக்கிற வரிசையில பேரைப் போட்டிருக்கேன். "உங்கள் பெயர் பதிவானது"ன்னு முழுசா சொன்னதுக்கு அப்புறம்தான் ஃபோனைக் கீழே வெச்சேன். டீச்சரம்மாவும் போட்டாங்க. அவங்களுக்கு இன்னும் ஒரு குறை இருக்கு. நேரத்தைச் சொல்றப்ப காலையா மாலையான்னு கடைசியில சொல்லுதாம், முதல்ல சொல்லணுமாம். உனக்குச் சொல்லச் சொன்னாங்க. உனக்கு வேலை போனதை நான் அவங்ககிட்ட சொல்லலை.

மூணாவது. பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது. இன்னைக்கு அப்படி இல்லை. இதுக்கு மேல இதைப் பத்திப் பேச வேண்டாம்.

வேலையை இங்கே வந்தும் தேடலாம். அவதான் எழுதச் சொன்னா. நானும்தான்.

தம்பி

மே 30

தம்பி,

பதில் எழுத இத்தனை நாளாச்சு. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம இருந்தது.

அங்கே வரலை. வந்தா ஒரு வாரத்துல அந்த மேசையில போய் உக்காந்துடுவேன். அப்புறம் எழுந்திருக்க மாட்டேன். இங்கே வாடகை அறைக்குக் கீழ்த் தெருவுல ஒரு மருந்துக் கடை, அங்கே காலையில நிக்கிறேன். பழைய வேலை கைக்கு மறக்கலை. டாக்டர் கிறுக்கினதைப் பார்த்த உடனே எந்த மாத்திரைன்னு சொல்றேன், கடைக்காரர் அசந்து போறாரு. எனக்குத்தான் அதுல சந்தோஷம் வரலை.

மதியத்துக்கு மேல வேலை தேடுறேன். ஒரு இடத்துல சின்ன வேலை மாதிரி கொடுத்து செஞ்சு காட்டச் சொன்னாங்க. சனி ஞாயிறு முழுக்க செஞ்சு அனுப்பினேன். பதிலே இல்லை. இன்னொரு இடத்துல இன்டர்வியூ எடுத்த பையன் என் கோடைப் பார்த்துட்டு, "பார்வை இல்லாதவங்களுக்குன்னு இவ்வளவு எழுதியிருக்கீங்களே, அவங்க எத்தனை பேர் வந்துடப் போறாங்க?"ன்னு கேட்டான். ஒருத்தன் வருவான்னு சொன்னேன். அவனுக்குப் புரியலை. நானும் விளக்கலை. மூணாவது இடத்துல வயசைக் கேட்டாங்க, சொன்னேன், அப்புறம் ரொம்ப மரியாதையா பேசினாங்க. மரியாதை அதிகமானாலே தெரிஞ்சுடும்.

நிறுத்திடலாமான்னு தோணுதுடா. திரையை மூடிட்டா முதுகு வலிக்காது. புதுசா என்ன வந்திருக்குன்னு ஓட வேண்டாம். யோசிச்சு எழுதலை, அசதியில எழுதுறேன். ஆனா அசதியில வர்றதும் நிஜம்தானோ என்னவோ.

டீச்சரம்மா சொன்ன காலை, மாலை விஷயம் சரிதான். அதை இப்போ மாத்த எனக்கு வழி இல்லை. அங்கே இருக்கிற டிசைனர் தம்பிக்கு எழுதிப் போட்டேன். "பார்க்கிறேன் அக்கா"ன்னான். பார்த்தானான்னு தெரியாது.

அக்கா

ஜூன் 19

அக்காகா,

ஒரு கா கூட விழுந்துடுச்சு. அழிக்கத் தெரியும். இருக்கட்டும்.

இதை நான் சொல்லி ஃபோன் எழுதலை. நானே கீபோர்டுல அடிக்கிறேன். வகுப்புல இடம் கிடைச்சுடுச்சு. சேர்ந்த ஒருத்தர் உடம்பு முடியாம நின்னுட்டாராம், வரிசையில இருந்து கூப்பிட்டாங்க. டீச்சரம்மாவுக்குத்தான் முதல்ல ஃபோன் போச்சு. அடுத்த வாரமே இன்னொரு இடம் காலியாச்சு, அது எனக்கு. நீ ஏதாவது செஞ்சியோன்னு ஆஸ்பத்திரியில சந்தேகமா விசாரிச்சேன். அடுத்த வாரமே இன்னொரு இடம் காலியாச்சு, அது எனக்கு.

இந்த நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. கை எங்கேயாவது ஒரு விரல் தள்ளி உக்காந்துடுது, அப்புறம் வர்றது எல்லாம் வேற பாஷை. மதியத்துக்குள்ள தலை கனத்துப் போகுது. டூருக்கு வேனை மலைப் பாதையில ஏத்தினப்பகூட இப்படி அலுத்ததில்லை. பக்கத்துல இருக்கிற தையல்காரர் தினமும், "நாளைக்கு வர மாட்டேன்"னு சொல்லிட்டுத்தான் கிளம்புறாரு. மறுநாள் எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருப்பாரு. நீ எத்தனை வருஷம் இப்படி வீட்ல உக்காந்து தனியா இதைச் செஞ்சே? அப்போ எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சது. உன்னைப் பார்த்துக்கிட்டேதான் சாப்பிட்டேன். கேக்கணும்னு தோணலை.

முந்தாநாள் வாத்தியார் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தாரு. ஆஸ்பத்திரிப் பக்கத்துல போய் ஆளுக்கொரு நேரம் வாங்கணும். வகுப்பு மொத்தமும் வாங்கிடுச்சு. டீச்சரம்மா எல்லாருக்கும் முன்னாடி முடிச்சுட்டு, "பரவாயில்லை, திட்டுறதுக்கு ஒண்ணும் இல்லை"ன்னாங்க. அவங்க வாயில இருந்து அது வர்றது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியாது. காலை, மாலையை இன்னும் கடைசியிலதான் சொல்லுது. அதை மட்டும் மறக்காம சொன்னாங்க.

நிறுத்துறதா இருந்தா நிறுத்திடு. நான் ஏன்னு கேக்க மாட்டேன். மருந்துக் கடையும் வேலைதான். நிறுத்தலைன்னாலும் ஏன்னு கேக்க மாட்டேன். ரெண்டும் எவ்வளவு அலுப்புன்னு இப்போ கொஞ்சம் தெரியும்.

விரல் வலிக்குது, நிறுத்துறேன். அவ வாசல்ல வந்து நிக்கிறா, செருப்புச் சத்தம் கேக்குது.

வேலை கிடைச்சா எழுது. கிடைக்கலைன்னாலும் எழுது.

தம்பி